உத்தரவு கிடைக்காத கல்யாணம்

அந்தப் பைய காலுக்குக் கீழ தள்ளிட்டு நல்லா சாஞ்சு உக்காரு தாயி. பரமக்குடி போற வரைக்கும் இந்த ரோடு இப்படித்தான் தூக்கித் தூக்கிப் போடும். என்ன கேட்ட? எனக்கு எத்தன பிள்ளைகளா? ஒண்ணே ஒண்ணுதான், பொம்பளப் பிள்ளை. பொற்கொடின்னு பேரு. மெக்சிகோவுல இருக்கா. அடுத்து கல்யாணம் ஆயிருச்சான்னு கேப்ப, எல்லாரும் அதத்தான் கேக்குறாக. ஆயிருச்சு. ஆனா நான் இன்னும் சரின்னு சொல்லல.

சிரிக்காத, நெசந்தான். மதுரையில மண்டபம் பிடிச்சு, ஊரக் கூட்டி, தாலி கட்டும்போது பக்கத்துல நின்னு அட்சதை போட்டவ நானு. ஆனா சம்மதம்னு ஒரு வார்த்தை இந்த அழகுமீனா வாயில இருந்து வரல. வந்துச்சுன்னு எவனாவது சொன்னா அவன இங்க கூட்டிட்டு வா, நான் பேசிக்கிறேன்.

இது எதுல ஆரம்பிச்சதுன்னா ஜாதகத்துல. பொற்கொடிக்கு நாகதோஷம். ஏழாம் வீட்டுல ராகு வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். பிறந்தன்னிக்கு ஜாதகம் எழுதுன ஜோசியரு, "பிள்ளை நல்லா படிக்கும், ஆனா..."ன்னு சொல்லிட்டு கண்ணாடியக் கழத்தித் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்த ஆனாவுக்காக நான் போகாத கோயில் இல்ல. திருநாகேஸ்வரம் போனேன், காளஹஸ்தி போனேன். அரசமரத்தடியில கல்லு நாகம் வச்சேன். எந்தப் பாம்புப் புத்தக் கண்டாலும் பாலு ஊத்தி முட்டை வச்சேன். அவ்வளவு பாலையும் அந்தப் பாம்பு குடிச்சிருந்தா இந்நேரம் மாடு மாதிரி ஆயிருக்கும். ஒண்ணும் நடக்கல. வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரனெல்லாம் கேசரியத் தின்னான், பஜ்ஜியத் தின்னான், "பொண்ணு லட்சணமா இருக்கு, ஜாதகந்தான் இடிக்குது"ன்னு சொல்லிட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டான். கடைசியா வந்த ஒருத்தி கூடத்துல உக்காந்துக்கிட்டே, "இந்தப் பொண்ணக் கட்டுனா எம்பிள்ளை உசுருக்கு ஆகாதாம்ல"ன்னு கேட்டா. பிள்ளை உள்ள காபி ஆத்திக்கிட்டு நிக்குது. காதுல விழுகும்ல?

அப்புறந்தான் அவ வேலை பாக்குற கம்பெனியில மெக்சிகோவுக்குப் போறியான்னு கேட்டாக. காருக்குப் பாகம் செய்யிற கம்பெனி. இவ யோசிக்கவே இல்ல, பொட்டியக் கட்டிட்டா.

போயி ஒரு வருஷம் ஆயிருக்கும், ஒரு நாள் போன். "அம்மா, கூட வேலை பாக்குற பையன். வில்பெர்த்துன்னு பேரு. நல்லவன். மாயன் ஆளுக"ன்னா. அப்படின்னா எந்த ஊரு என்ன சனம்னு கேட்டேன். அந்த நாட்டுல வெள்ளக்காரன் வர்றதுக்கு முன்னாலயே இருந்த சனமாம், தனி பாஷையாம். அதுவரைக்கும் நான் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். அப்ப ஒண்ணு சொன்னா பாரு. "அம்மா, அவங்க ஊருக்குப் பக்கத்துல ஆயிரம் வருஷத்துக் கல்லுக் கோபுரம் இருக்கு. பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாளுல, சாயங்காலம் வெயில் சாயும்போது, உச்சியில இருந்து ஒரு நாகம் படிக்கட்டு ஓரமா இறங்கி வரும். வெளிச்சமும் நெழலும் சேந்து வளைஞ்சு வளைஞ்சு வந்து, கீழ இருக்குற கல்லுத் தலையோட ஒட்டிக்கும். அவங்க முன்னோருங்க அப்படிக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்காங்க. நாகத்தையே சாமியாக் கும்பிட்ட சனம்மா. அவங்கள நாகம் என்ன செய்யும்?"

பாத்தியா? எனக்கு எதச் சொன்னா ஏறும்னு தெரிஞ்சு பேசுறா. பெத்தவ நானு, ஆனா சூட்சுமம் பூரா அவகிட்ட இருக்கு.

நானும் யோசிச்சேன். நம்ம பக்கமும் பங்குனி மாசம் சில கோயில்ல சூரியன் வாசல் வழியா நேரா கருவறைக்குள்ள போயி லிங்கத்து மேல விழுகுதுல்ல? அது மாதிரிதான இதுவும். சாமி எந்த ஊருல இருந்தா என்ன. ஆனா நான் ஒரேயடியா ஒத்துக்கிறவ இல்ல. "சரி, நான் உத்தரவு கேக்குறேன்"னேன். உனக்குத் தெரியும்ல, நம்மள்ல நல்ல காரியம்னா சாமி முன்னால பூ கட்டிப் போட்டுப் பாக்குறது, பல்லி சொல்லுதான்னு காத்துக் கெடக்குறது. அப்படித்தான். "அந்த நாளுல நானே அங்க வந்து நிப்பேன். என் கண்ணு முன்னால நாகம் இறங்கிச்சுன்னா கல்யாணம். இறங்கலேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது"ன்னேன். பொற்கொடி டக்குனு சரின்னுட்டா. வருஷா வருஷம் இறங்குற பாம்பு, என்னைக்கு இறங்காம இருக்கப் போகுதுன்னு அவளுக்கு ஒரு தைரியம்.

எங்க வீட்டுக்காரவுக உரக்கடை வச்சிருந்தவுக. வாயத் தொறக்க மாட்டாக. "போயிட்டு வருவோம்"னு மட்டும் சொன்னாக. விமானத்துல ஏறுனோம், இறங்குனோம், இன்னொண்ணுல ஏறுனோம். எனக்கு எது பகலு எது ராவுன்னே தெரியல. இதுல பகலும் ராவும் சமமா இருக்குற நாள வேற பாக்கப் போறேன்.

பையன் ஊரு சின்னக் கிராமம். எங்களுக்குன்னு அவன் வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு வீட்டப் பொற்கொடி வாடகைக்குப் பிடிச்சிருந்தா. அந்த ஊருல கட்டில் கிடையாது தாயி! பெரிய ஆளு, கிழவன், எல்லாரும் வலைத் தொட்டில்ல படுக்குறாக. கட்டியிருக்குற வலைக்குள்ள எங்க வீட்டுக்காரவுக ஒரு தடவ படுத்தாக, அப்புறம் எந்திரிக்க முடியல, ரெண்டு பேரு வந்து உருவி எடுத்தோம். நான் தரையில சேலைய விரிச்சுப் படுத்துக்கிட்டேன். மிளகாய் மட்டும் நல்ல மிளகாய். அதக் கொறை சொல்ல மாட்டேன்.

பையனோட அம்மா பேரு பிதேலியா. என் வயசு இருக்கும். வெள்ளச் சட்டை, கழுத்தச் சுத்திக் கலர் கலரா பூத் தையல். அவளே தச்சது. அந்தக் கோபுரத்துக்கு வர்ற சனங்ககிட்ட அதத்தான் கடை போட்டு விக்கிறா. அப்பா எலியுத்தேரியோ, சோளம் போடுற சம்சாரி. பையன் என்னப் பாத்ததும் கால்ல விழுந்தான். பொற்கொடி பழக்கிக் கூட்டி வந்திருக்கா. விழுந்த விதத்துலயே தெரிஞ்சுச்சு, சோத்தாங்கையும் பீச்சாங்கையும் மாறிப் போச்சு.

நான் பிதேலியாகிட்ட கேட்டேன், "நாளைக்கு நாகம் இறங்குற நாளு, என்ன விரதம் இருப்பீக?"ன்னு. நான் தமிழ்ல கேக்க, பொற்கொடி அவுக நாட்டு ஸ்பானிஷ்ல பையன்கிட்ட சொல்ல, பையன் மாயன்ல அம்மாகிட்ட சொல்ல, பதிலு அதே வழியா திரும்பி வரணும். வந்த பதிலு என்ன தெரியுமா? "விரதமா? நாளைக்கு யாவாரம் ஜாஸ்தி, காலையிலயே நல்லா சாப்பிட்டுட்டுப் போயிரணும்." எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவ சொன்னா, அவ தாத்தா காலத்துல அந்த வெயில் நெழல வச்சுக் காட்ட எப்பத் திருத்துறது, எப்ப மழைக்குப் பாக்குறதுன்னு பேசிக்குவாகளாம். இந்தக் கூட்டமெல்லாம் அவ வயசுக்கு வந்தப்புறம் வர ஆரம்பிச்சதுதானாம். அவுக இப்பக் கும்பிடுறது ஏசு மாதா. அப்படியே இருந்தாலும் முன்னோர் கும்பிட்ட சாமிய அம்போன்னு விடலாமா? சொந்த சாமிய மறந்த சனம் விளங்குமா, நீயே சொல்லு. எங்க குலதெய்வக் கோயிலுக்கு நாங்க போயி... அது எங்க கெடக்கு காட்டுக்குள்ள, பாதையும் சரியில்ல, அத விடு.

மறுநாள் தலைக்குக் குளிச்சு, பட்டுச் சேலை கட்டி, பைக்குள்ள பாலு, முட்டை, மஞ்சப் பொடி, கற்பூரம், திருநீறு எல்லாம் எடுத்துக்கிட்டேன். வாசல்ல காவலுக்கு நிக்கிறவன் பையத் தொறந்தான். பாலை வெளிய வச்சான். முட்டைய வெளிய வச்சான். கற்பூரத்த மோந்து பாத்துட்டு தீப்பெட்டியோட வெளிய வச்சான். திருநீத்துப் பொட்டலத்தப் பிரிச்சான் பாரு, அவன் மூஞ்சியே மாறிப் போச்சு. அந்த நாட்டுல வெள்ளப் பொடி வச்சிருந்தா சும்மா விட மாட்டானாம். இன்னும் ரெண்டு பேரக் கூப்பிட்டான். நான் ஒரு கிள்ளு எடுத்து என் நெத்தியில பூசி, அவன் நெத்தியிலயும் பூசி விட்டேன். பையன் ஓடி வந்து என்னமோ சொல்லித்தான் எங்கள உள்ள விட்டாக. எங்க வீட்டுக்காரவுக அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாக, எனக்கும் அவுகளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

உள்ள போனா திருவிழாக் கூட்டம். வெள்ளக்காரனும் வெள்ளக்காரியும் வெள்ளத் துணியக் கட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கையையும் வானத்தப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்கிறாக. கோபுரம் என்னமோ கோபுரந்தான். மலை மாதிரி நாலு பக்கமும் படி. ஏற விட மாட்டாக, சுத்திக் கயிறு கட்டியிருக்கு. படி முன்னால நின்னு சனமெல்லாம் கை தட்டுறாக, தட்டுனா உச்சியில இருந்து குருவி கத்துற மாதிரி சத்தம் திரும்பி வருது. நம்ம கோயில்ல சண்டிகேஸ்வரர் முன்னால கை தட்டுவோம்ல, நானும் அப்படி மெதுவாத் தட்டிட்டு, "நாகராசா, என் பிள்ளைக்கு ஒரு வழியச் சொல்லு"ன்னு கும்பிட்டு நின்னேன். கீழ கல்லுல நாகத் தலை வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு. பாக்கவே பயமாத்தான் இருந்துச்சு.

வெயில் சாயிற நேரம் வந்துச்சு. கூட்டம் அப்படியே அமைதியாச்சு. அப்பப் பாத்து ஒரு மேகம் வந்துச்சு தாயி. ஊருல மழை தண்ணி இல்லாத காலமாம், வானத்துல ஒரு பொட்டு மேகம் பாத்து மாசமாச்சாம். எங்க இருந்து வந்துச்சோ, நேரா சூரியன் மேல உக்காந்துக்கிச்சு. கூட்டம் ஊளை விட்டுச்சு, பாட்டுப் பாடுச்சு, ஒருத்தன் சங்கு ஊதுனான். அது நகரல. நெழலும் இல்ல, வெளிச்சமும் இல்ல, பாம்பும் இல்ல. சூரியன் அந்தால மறைஞ்சு போச்சு. பொற்கொடி என்னப் பாக்கவே இல்ல. அந்தப் படிக்கட்டையே பாத்துக்கிட்டு நின்னா. பிதேலியா துணிய மடிச்சுப் பெட்டியில அடுக்கிக்கிட்டே சொன்னா, "இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு இறங்கும். முன்ன பின்ன சில நாளு இறங்கிக்கிட்டுத்தான் இருக்கும். நோட்டீஸ் அடிக்கிறவுகதான் ஒரு நாளச் சொல்றாக."

நாளைக்கு வர்றதுக்கு அது என்ன டவுன் பஸ்சா? உத்தரவுன்னா உத்தரவு. நான் நின்ன நாளுல இறங்கல. முடிஞ்சு போச்சு.

அன்னிக்கு ராத்திரியே வந்துட்டாக. பிதேலியா, எலியுத்தேரியோ, பையன், சித்தப்பன் பெரியப்பன்னு ஒரு கூட்டம். தட்டுல இனிப்பு ரொட்டி, சாக்லேட்டுக் கட்டி, மெழுகுவத்தி, ஒரு பாட்டிலு. எலியுத்தேரியோ தொப்பியக் கழத்திக் கையில பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசுனாரு. பொண்ணு கேக்குறாகளாம். எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பசி, ரொட்டிப் பக்கம் கை போச்சு. நான் படக்குனு தட்டி விட்டேன். "சம்பந்தம் சரிப்படாது. நாகம் இறங்கல. முடியாது"ன்னேன். பொற்கொடி அதச் சொன்னா. கோவிச்சுக்குவாகன்னு பாத்தா, எல்லாரும் தலைய ஆட்டுறாக. ஒரு வாய் தண்ணியக் குடிச்சுட்டு, ரொட்டியத் திரும்பத் துணியில மூடி எடுத்துக்கிட்டு சிரிச்ச மூஞ்சியோட போயிட்டாக. எனக்கு ஆச்சரியம். சூடு சொரணை இல்லாத சனமா இருக்கேன்னு நெனச்சேன்.

மறுநாள் பிதேலியா கடைக்குப் போகும்போது என்னையும் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. பாஷை தெரியாதுன்னா மாட்டேன்னு சொல்றதும் கஷ்டமாத்தான் இருக்கு. கூட்டம் இல்ல. அவ நூல் கோத்துத் தச்சுக்கிட்டு இருந்தா, நான் பக்கத்துல உக்காந்து ஊசியில நூல் கோத்துக் குடுத்தேன். அவளுக்குக் கண்ணு மங்கல். சாயங்காலம் ஆனதும் அவ மோவாயால கோபுரத்துப் பக்கம் காட்டுனா. திரும்பிப் பாத்தேன்.

இறங்குச்சு தாயி. உச்சியில இருந்து வெளிச்சம் முக்கோணம் முக்கோணமா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, அவசரமே இல்லாம இறங்கி வந்து அந்தக் கல்லுத் தலையில சேந்துச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டேன். அழுகையா வந்துச்சு. அவ ஒரு துண்டுத் துணி குடுத்தா, மூக்கத் தொடைச்சுக்கிட்டேன்.

ஆனா அது கணக்குல சேராது. சொன்ன நாளு முந்தின நாளு. நாம சொன்ன பேச்சுல நாம நிக்கணும்ல?

அன்னிக்கும் வந்தாக. அதே ரொட்டி இல்ல, புதுசு. அதே மெழுகுவத்தி. இந்தத் தடவ நான் நல்லா விளக்கமாச் சொன்னேன். "முடியாது. ஜாதகம் இடிக்குது, பாஷை தெரியாது, மதம் வேற, எங்க சொந்தக்காரவுக மூஞ்சியில நான் முழிக்க முடியாது, நாளைப் பின்ன ஒரு நல்லது கெட்டதுக்கு ஓடி வர முடியுமா?" சத்தமாவே சொன்னேன். பொற்கொடி ஒண்ணு விடாம சொன்னா. அவுக மூஞ்சி முதல் நாளை விடப் பிரகாசமா இருக்கு! எலியுத்தேரியோ பொண்டாட்டி காதுல என்னமோ சொல்லி, ரெண்டு பேரும் திருப்தியாத் தலைய ஆட்டிக்கிறாக. மறுபடியும் ரொட்டிய மூடி எடுத்துட்டுப் போயிட்டாக. இவுகளுக்குப் பைத்தியமா, இல்ல நம்ம பிள்ளை சரியா மொழிபெயர்க்கலையான்னு எனக்குச் சந்தேகம் வந்துருச்சு.

மூணாம் நாளு கடைசி நாளு. விடிஞ்சா நாங்க கிளம்பணும், பொற்கொடியும் பையனும் வடக்க அவுக வேலை பாக்குற ஊருக்குப் போகணும். சாயங்காலம் திரும்பவும் வந்துட்டாக. இந்தத் தடவ பிதேலியா பேசுனா. அவ அதிகம் பேசுறவ இல்ல. பையனும் பொற்கொடியும் அத நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாக.

"இந்த நாளுல கவர்மெண்டு லீவு விடுறாங்க. அதுனாலதான் இவன் வருஷா வருஷம் இப்ப வர்றான். ரெண்டு நாளு மூணு நாளு இருப்பான். எல்லாரும் பாம்பப் பாக்க வர்றாங்க. நான் ரோட்டுல போயி நின்னு பஸ்சப் பாப்பேன். இவன் இருக்குற ஊர நான் பாத்ததில்ல. அங்க குளிருமாம். ராத்திரி சாப்பிட்டானான்னு கேக்க ஒரு ஆளு இருந்தா நான் கொஞ்சம் தூங்குவேன்."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு முந்தானை மாதிரி தோளுல கெடந்த துணிய எடுத்து வாயப் பொத்திக்கிட்டா.

நீயே சொல்லு, மூணு நாளா ஒரு பொம்பள வீடு தேடி வந்து, வெறும் தண்ணியக் குடிச்சுட்டுப் போறா. கொண்டு வந்ததக் கொண்டு வந்த மாதிரியே தூக்கிட்டுப் போறா. எங்க வீட்டுக்கு வந்த எவளும் வாயில ஒண்ணும் போடாம வாசல் தாண்டுனதில்ல. பொண்ணு வேண்டாம்னுட்டுப் போனவனுக்கே கேசரி கிண்டிக் குடுத்தவ நானு. வாடகை வீடா இருந்தா என்ன, அன்னிக்கு அது என் வீடு. அங்க வேற ஒண்ணும் இல்ல, அவ கொண்டு வந்த ரொட்டிதான் இருக்கு. எடுத்துப் பிட்டேன். பாதிய அவ கையில குடுத்து, "சாப்பிடு"ன்னேன். அவ என்னயவே பாக்குறா, வாயில வைக்க மாட்டேங்குறா. சரி, கூச்சப்படுறா போலன்னு, அவளுக்குத் துணையா மிச்சப் பாதிய நான் வாயில போட்டுக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, சோம்பு போட்டிருந்தாக.

நான் முழுங்குனதுதான் தாமசம், அவளும் தின்னா. எலியுத்தேரியோ எந்திரிச்சு எங்க வீட்டுக்காரவுகளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. சித்தப்பன் பாட்டிலத் தொறந்தான். எவனோ வெளிய போயி வெடி போட்டான். பையன் கால்ல விழுந்தான், இந்தத் தடவ கை சரியா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. "என்னடி நடக்குது?"ன்னு கேட்டேன்.

"அம்மா, நீ ரொட்டியப் பிட்டுக் குடுத்துச் சாப்பிட்டுட்ட"ன்னா.

"ஆமா, அதுக்கென்ன?"

"இவங்க வழக்கத்துல பொண்ணு கேட்டு வந்தா, பொண்ணு வீட்டுக்காரங்க மொத தடவையும் ரெண்டாம் தடவையும் முடியாதுன்னுதாம்மா சொல்லணும். உடனே சரின்னா பொண்ணுக்கு மரியாதை இல்ல. வேண்டாம்னு எவ்வளவு சத்தமாச் சொல்றாங்களோ அவ்வளவு பாசமா வளத்திருக்காங்கன்னு அர்த்தம். கடைசியில அந்த ரொட்டியச் சேந்து தின்னா, குடுத்தாச்சுன்னு அர்த்தம்."

கழுதைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு! மூணு நாளா உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு, மூஞ்சிய ஆடாம அசையாம வச்சு மொழிபெயர்த்திருக்கா.

நான் அப்பவே சொல்லியிருக்கலாம். "அது வீட்டுக்கு வந்தவளுக்குத் துணையாத் தின்னது, கணக்குல சேராது"ன்னு. வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா பொற்கொடி அதச் சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்து என் மடியில தலைய வச்சுட்டா. வச்சுட்டு ஓன்னு அழுகுறா. ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டுக்காரனும் போனப்புறம் ரூமுக் கதவச் சாத்திக்கிட்டுத்தான் தாயி அழுவா. நான் வெளிய நின்னு தட்டிக்கிட்டே இருப்பேன், தொறக்க மாட்டா. எத்தன வருஷங் கழிச்சு என் மடியில வந்து அழுகுறா. தலையத் தடவிக் குடுத்தேன். பிதேலியா எதுத்தாப்புல உக்காந்து ரொட்டிய மென்னுக்கிட்டு எங்களப் பாத்துக்கிட்டே இருந்தா.

அழுகை நின்னப்புறமும் அவ எந்திரிக்கல, ராத்திரி வெகு நேரம் அப்படியே கெடந்தா. எனக்குக் கால் மரத்துப் போச்சு. நான் அசையல. அசைஞ்சா எந்திரிச்சிருவா. எந்திரிச்சா போயிருவா.

மறுநாள் ஏர்போர்ட்டுல நொண்டிக்கிட்டு நடந்தேன். எங்க வீட்டுக்காரவுக என்னாச்சுன்னு கேட்டாக. செருப்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்.